பல்கலைக்கழகத்தின் அடுத்த பருவ நிகழ்ச்சிகள்: வெளியில் இருப்பவர்கள் வர என்ன செய்யலாம்?

நிரல்காரர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் பணியாற்றும் பல்கலைக்கழகத்தில் அடுத்த பருவத்துக்கான பொது நிகழ்ச்சிகளைத் தொகுக்கும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு பொதுச் சொற்பொழிவு, மாதத்துக்கு ஒன்றிரண்டு பயிலரங்குகள், பருவத்தின் நடுவில் ஒரு நாடகம், முடிவில் ஓர் இசை மாலையும் மாணவர் ஓவியக் கண்காட்சியும். பேச்சாளர்கள் ஏறக்குறைய முடிவாகிவிட்டார்கள். வானியல், நிலத்தடி நீர், அரசியலமைப்புச் சட்டம், பேச்சு மொழிகளின் வரலாறு என்று தலைப்புகளும் நன்றாக அமைந்திருக்கின்றன.

என் கவலை வேறு. அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்று ஆண்டுதோறும் அச்சிடுகிறோம். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்தத் துறையின் மாணவர்கள். துறை சொன்னதால் வந்தவர்கள். வேலை முடிந்து வரும் எழுத்தர், பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற பொறியாளர், கல்லூரி வாய்ப்பே அமையாமல் போனவர் என்று யாரையும் நான் பார்ப்பதில்லை. இவர்களுக்காகத்தானே அதைப் பொதுச் சொற்பொழிவு என்கிறோம்?

இங்கே பலர் வளாகத்துக்கு வெளியே இருப்பவர்கள். உங்களை வரவிடாமல் தடுப்பது எது? ஒருமுறை வந்தவர்களை மறுபடி வரவைத்தது எது? நிரல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை, மாற்ற நேரம் இருக்கிறது. மனம் திறந்து சொல்லுங்கள்.

---

கடைசிவரிசை

கேட்டதற்கே நன்றி. நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவன் இல்லை. ஆனால் பொது உரைகளுக்குப் போவதை விடாமல் வைத்திருக்கிறேன்.

முதல் தடை வாசலில்தான். சுவரொட்டியில் அனைவரும் வருக என்று இருக்கும், காவலர் அடையாள அட்டை கேட்பார். அவர் மேல் குறை இல்லை, அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 'இன்று மாலை இந்த அரங்கில் பொது நிகழ்ச்சி, யார் வந்தாலும் வழி சொல்லி அனுப்புங்கள்' என்று அவர் கையில் ஒரு தாள் இருந்தால் போதும். அடையாள அட்டை இல்லாதவன் வாசலில் நின்று விளக்கம் சொல்லும்போது கூசிப் போகிறான், ஐயா. அப்படித் திரும்பிப் போனவர்கள் மறுபடி வருவதில்லை.

இரண்டாவது, இடம். 'அறிவியல் புலம், இரண்டாம் மாடி, கருத்தரங்கக் கூடம்' என்றால் உள்ளே இருப்பவருக்குப் புரியும். எனக்கு வளாகத்தில் எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும் என்பதே தெரியாது. எந்த வாசல், அங்கிருந்து எவ்வளவு நடை, மாடிப்படி உண்டா, இருட்டிய பிறகு திரும்பும் வழியில் விளக்கு எரியுமா, இவ்வளவும் எழுதுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. இந்த உரை எனக்குப் புரியுமா புரியாதா என்று அழைப்பிதழைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிவதில்லை. பேச்சாளரின் பட்டங்கள் நான்கு வரிக்கு இருக்கின்றன. அவர் எதைப் பற்றிப் பேசப் போகிறார் என்பதற்கு ஒரு வரி இல்லை.

---

தாள்கட்டு

கடைசிவரிசை ஐயா சொன்ன மூன்றாவது விஷயத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் வரலாறு பேசுகிறேன், நிரல்காரர் தன் துறைத் தலைவரிடம் எடுத்துச் சொல்ல உதவும்.

ஆடம் கிஃபோர்டு என்ற ஸ்காட்லாந்து நீதிபதி 1887-ல் இறந்தார். எடின்பரோ, கிளாஸ்கோ, செயின்ட் ஆண்ட்ரூஸ், அபர்டீன் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் சொற்பொழிவு நடத்தப் பணம் எழுதிவைத்தார். 1888-ல் தொடங்கிய அந்த உரைகள் இன்றும் நடக்கின்றன. அவருடைய உயிலில் எனக்குப் பிடித்த பகுதி, யாருக்காக என்பதை அவர் தெளிவாகச் சொன்ன இடம்: உரைகள் பொதுவானவையாகவும் எல்லோருக்கும் எட்டுபவையாகவும் இருக்க வேண்டும், பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டுமன்றி, பதிவு செய்து சேராத ஊர்மக்கள் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும். நம்மிடமும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் எத்தனையோ உண்டு. நிதி வைத்தவர் என்ன நினைத்து வைத்தார் என்று அந்தப் பத்திரங்களை யாராவது எடுத்துப் படித்துப் பார்க்கலாம்.

லண்டனில் கிரெஷம் கல்லூரி இன்னும் பழையது. தாமஸ் கிரெஷம் என்ற வணிகரின் உயிலின்படி 1597-ல் தொடங்கியது. பட்டம் தருவதில்லை, தேர்வு இல்லை. இலவசப் பொது உரை மட்டுமே, நானூறு ஆண்டுகளுக்கு மேலாக.

பாரிஸில் 1530-ல் தோன்றிய கொலேஜ் து பிரான்ஸ் என்ற நிறுவனமும் பட்டம் தருவதில்லை. அங்கே வகுப்புகளுக்கு முன்பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பேராசிரியர் தன் ஆய்வில் அப்போது எதில் இருக்கிறாரோ அதைத்தான் பேசுவார். தத்துவ அறிஞர்கள் பெர்க்சோனும் ஃபூக்கோவும் பேசிய நாட்களில் அரங்கம் கொள்ளாத கூட்டம்.

மின்னியல் அறிஞர் மைக்கேல் ஃபாரடேயை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன். கடைக்கு வந்துபோன ஒருவர் கொடுத்த நுழைவுச்சீட்டை வைத்துக்கொண்டு 1812-ல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் உரைகளுக்குப் போனான். கேட்டதையெல்லாம் குறித்து, படம் வரைந்து, தானே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினான். மறு ஆண்டே லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் உதவியாளர் வேலை. அது பல்கலைக்கழகம் அல்ல என்பது தெரியும். ஆனால் அன்று அவனுக்குச் சீட்டு கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் வாசலில் நிற்கும் காவலர் கையிலுள்ள தாள் சின்ன விஷயமாகத் தெரியாது.

---

ஆய்வேடு_மூன்றாம்_ஆண்டு

நான் ஆய்வு மாணவி. கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லா நிகழ்ச்சியையும் எல்லோருக்கும் ஏற்றதாக்க முயன்றால் எங்களுக்கு எதுவும் மிஞ்சாது. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வருவதே அரிது. அவர் அடிப்படையிலிருந்து தொடங்கி ஒரு மணி நேரத்தையும் அறிமுகத்திலேயே செலவழித்துவிட்டால், அவருடைய புதிய முடிவுகளைப் பற்றி நாங்கள் எப்போது கேட்பது? துறைக் கருத்தரங்கு துறைக் கருத்தரங்காகவே இருக்கட்டும். அதில் 'அனைவரும் வருக' என்று போடுவதுதான் தவறு. வெளியிலிருந்து வருபவர் பத்து நிமிடத்தில் தொலைந்துபோய், தனக்கு இதெல்லாம் எட்டாது என்று முடிவுகட்டிக்கொண்டு போகிறார்.

---

கடைசிவரிசை

தங்கச்சி சொல்வது சரி. ஆனால் கடினமாக இருந்தால் வர மாட்டோம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கடினம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தயாராக வருவோம். பாதி புரிந்தாலே எனக்குப் போதும், மீதியைத் தேடிப் படிப்பேன். சொல்லாமல் விடுவதுதான் வலிக்கிறது.

---

தாள்கட்டு

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1943 பிப்ரவரியில் எர்வின் ஷ்ரோடிங்கர் டப்ளினில், டிரினிட்டி கல்லூரியில் உயிர் என்பது என்ன என்று பொது உரைகள் நிகழ்த்தினார். இயற்பியலாளர் உயிரியலைப் பற்றிப் பேசுகிறார். பொருள் கடினமானது, இதை எளிய உரை என்று சொல்ல முடியாது என்று தொடக்கத்திலேயே எச்சரித்துவிட்டார். ஆனால் கணிதத்தை ஏறக்குறைய தொடவே இல்லை. ஏறத்தாழ நானூறு பேர் கேட்டார்கள், அடுத்தடுத்த உரைகளிலும் கூட்டம் பெரிதாகக் குறையவில்லை. மறு ஆண்டு அது நூலாக வந்தது. டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டறிந்த வாட்சன், கிரிக் இருவருமே அந்த நூல் தங்களை இந்த ஆய்வின் பக்கம் திருப்பியதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பொருளின் ஆழம் குறைய வேண்டியதில்லை. உள்ளே நுழையும் வழியைத்தான் அகலமாக்க வேண்டும்.

---

ஆய்வேடு_மூன்றாம்_ஆண்டு

ஏற்கிறேன். அப்படியானால் என் யோசனை: ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கீழே ஒரு வரி கட்டாயம். 'முன்னறிவு தேவையில்லை', 'பள்ளி இறுதி அளவு அறிவியல் தெரிந்தால் போதும்', 'இத்துறையில் ஆய்வு செய்வோருக்கானது' என்று மூன்றில் ஒன்று. அதைப் பேச்சாளரே தேர்ந்தெடுத்து எழுதிக்கொடுக்கட்டும், அலுவலகம் ஊகித்துப் போட வேண்டாம்.

இன்னொன்று. ஸ்வீடனில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு பொது நிகழ்ச்சி. ஆய்வேட்டை உண்மையாகவே ஆணியடித்துத் தொங்கவிட்டு அறிவிப்பார்கள், வழக்கமாகத் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு. அரங்கில் இருக்கும் யாரும் கேள்வி கேட்கலாம். நம் வாய்மொழித் தேர்வுகளும் விதிப்படி பொதுவானவைதான், ஆனால் அறிவிப்பு துறைப் பலகையோடு நின்றுவிடுகிறது. அவற்றையும் பருவ நிரலில் சேர்த்தால் என்ன? ஒருவர் நான்கைந்து ஆண்டு உழைத்ததை நேரில் கேட்பதைவிடப் பெரிய பொது உரை ஏது?

---

மூன்றாம்மணி

நேரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நான் பேசுகிறேன்.

மாலை ஐந்துக்கு நிகழ்ச்சி என்பார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பேச்சாளர் அறிமுகம், எல்லாம் முடிந்து பேச்சாளர் ஒலிவாங்கியைத் தொடும்போது ஆறு. ஆறரைக்கு 'நேரமின்மை காரணமாகக் கேள்விகளைத் தவிர்க்கிறோம்' என்று அறிவிப்பு. நன்றியுரைக்கு மட்டும் நேரம் இருக்கும். கடைசிப் பேருந்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவர் யாரைக் கேட்க வந்தாரோ அவரையே அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஓடுகிறார். இது வந்தவரை மதிக்காத செயல். கடுமையாகவே சொல்கிறேன்.

நெதர்லாந்தில் முனைவர் பட்டத் தேர்வு நடக்கும்போது நேரம் முடிந்ததும் கோல் ஏந்திய அலுவலர் ஒருவர் உள்ளே வந்து 'ஹோரா எஸ்ட்' என்பார். நேரமாயிற்று என்று பொருள். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் இன்னொரு வழக்கம்: நிரலில் நேரத்துக்குப் பக்கத்தில் இரண்டெழுத்துக் குறியீடு இருக்கும். ஒரு குறியீடு என்றால் கால் மணி தாமதமாகத் தொடங்கும், மற்றது என்றால் சொன்ன நிமிடத்தில். தாமதம்கூட முன்னால் அறிவிக்கப்பட்டுவிடுகிறது, யாரும் ஏமாறுவதில்லை.

நிரல்காரரே, அழைப்பிதழில் மூன்று நேரங்களை அச்சிடுங்கள்: பேச்சாளர் தொடங்கும் நேரம், கேள்விகள் தொடங்கும் நேரம், அரங்கம் முடியும் நேரம். அறிமுகம் மூன்று நிமிடம் தாண்டக் கூடாது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் தொடங்கிய போட்டியில் முழு ஆய்வேட்டையே மூன்று நிமிடத்தில், ஒரே ஒரு படவில்லையோடு (ஸ்லைடு) சொல்லி முடிக்கிறார்கள். ஒருவரை அறிமுகப்படுத்த அது தாராளம்.

---

வெயில்முற்றம்

நான் இரண்டு சின்னப் பிள்ளைகளின் அம்மா. மாலை ஐந்து மணி என்று பார்த்தவுடனே அழைப்பிதழை மூடிவிடுவேன், அது எனக்கான நேரமே இல்லை. சனிக்கிழமை முற்பகல் வைத்துப் பாருங்கள், என்னைப் போல எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரியும்.

பிள்ளைகளையும் கூட்டிவரலாமா கூடாதா என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் கூடாது என்றுதான் அம்மாக்கள் எடுத்துக்கொள்வோம். ஓரத்தில் நாலு இருக்கைகள், எழுந்து வெளியே போய்வர வசதியாகக் கதவுக்குப் பக்கத்தில் ஒதுக்கினால் அதுவே பெரிய உதவி.

தாள்கட்டு அண்ணா ஃபாரடேயைச் சொன்னார். பிள்ளைகளுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 1825-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தொடங்கிவைத்தவரும் அவர்தான் என்று படித்திருக்கிறேன். ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் சொல்லியிருக்கிறார். உங்கள் நிரலில் பிள்ளைகளுக்கென்று ஒன்றுகூட இல்லையே?

---

நிரல்காரர்

வெயில்முற்றம் அக்கா, இல்லை என்பது உண்மை. வானியல் உரைக்கு வருபவரிடமே மறுநாள் முற்பகல் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் தர முடியுமா என்று இன்று கேட்டிருக்கிறேன். தொலைநோக்கி எங்களிடம் இருக்கிறது, சூரியனைப் பார்க்கும் வடிகட்டியும் இருக்கிறது. அவர் ஒத்துக்கொள்வார் என்றே நம்புகிறேன்.

---

சைகைமொழி

எனக்குக் காது கேட்காது. இந்த இழையில் இதைச் சொல்லக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி.

அழைப்பிதழ் பெரும்பாலும் ஒரு படமாக வாட்ஸாப்பில் வருகிறது. பார்வையில்லாத என் நண்பருக்கு அவருடைய கைப்பேசி அதைப் படித்துச் சொல்லாது, படத்துக்குள் இருக்கும் எழுத்து அதற்குத் தெரியாது. அதே விவரத்தை வெறும் எழுத்தாகக் கீழே ஒட்டினால் போதும். செலவே இல்லாத வேலை.

எனக்குத் தேவை இரண்டு. ஒன்று சைகை மொழிபெயர்ப்பாளர். ஒரு மணி நேர உரைக்கு ஒருவரை மட்டும் அழைக்காதீர்கள். கையும் மூளையும் சீக்கிரம் களைத்துவிடும், அதனால் இருவர் மாறி மாறிச் செய்வதுதான் தொழில்முறை. உரையின் சுருக்கமும் கலைச்சொற்களும் சில நாள் முன்பே அவர்கள் கையில் இருக்க வேண்டும், 'நிலத்தடி நீர்மட்டம்' என்பதற்கு மேடையில் நின்றுகொண்டு சைகை தேட முடியாது. அவர்கள் மேல் வெளிச்சம் விழ வேண்டும். படவில்லை காட்டுவதற்காக அரங்கு முழுவதும் விளக்கை அணைத்துவிட்டால் எனக்கு உரை அங்கேயே முடிந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர் கிடைக்காவிட்டால் திரையில் நேரடி எழுத்துரை. கணினி தானாகத் தரும் எழுத்துரை இப்போது ஓரளவு பரவாயில்லை, ஆனால் பெயர்களிலும் கலைச்சொற்களிலும் தடுமாறுகிறது.

எல்லா நிகழ்ச்சிக்கும் உங்களால் முடியாமல் போகலாம், புரிகிறது. 'இந்த வசதி வேண்டுவோர் பத்து நாள் முன்பு தெரிவிக்கவும்' என்று ஒரு வரியும் தொடர்பு எண்ணும் இருந்தால் நாங்கள் கேட்போம். இதுவரை கேட்க ஓர் இடமே இருந்ததில்லை.

---

ஒலிப்பலகை

அரங்கத்தில் ஒலி, ஒளி பார்க்கிறவன் நான். சைகைமொழி நண்பர் சொன்னதோடு சேர்த்து.

கேள்வி நேரத்தில் 'எனக்குக் குரல் பலம், மைக் வேண்டாம்' என்று எழுந்து பேசுவார்கள். அவர் குரல் பின்வரிசைக்குக் கேட்கலாம். காதுக் கருவி வைத்திருப்பவருக்குக் கேட்காது, இணையத்தில் பார்ப்பவருக்குக் கேட்காது, பதிவில் விழாது, தானியங்கி எழுத்துரையிலும் வராது. அதனால் இரண்டு கையடக்க ஒலிவாங்கியோடு இரண்டு தன்னார்வலர்கள், இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். மைக் வராமல் கேள்வி கிடையாது என்று நெறியாளர் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதோடு பேச்சாளர் பதில் சொல்வதற்கு முன் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும்.

பேச்சாளர் ஒரு மணி நேரம் முன்னால் வர முடியாவிட்டால் கோப்பை முன்தினமே அனுப்பட்டும். மேடைக்கு வந்த பிறகு மடிக்கணினியை இணைக்கத் தொடங்கினால் எழுத்துரு உடையும், காணொளி ஓடாது, வந்தவர்களின் நேரம் போகும்.

பதிவு செய்வதாக இருந்தால் பேச்சாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அவர் காட்டும் படங்களில் பிறருடையவை இருக்கும், வெளியாகாத ஆய்வு முடிவுகள் இருக்கும். எதை வெட்ட வேண்டும் என்று அவர் சொல்ல ஒரு வாரம் கொடுங்கள்.

---

ஆய்வேடு_மூன்றாம்_ஆண்டு

பதிவு பற்றி ஒரு கேள்வி. யூடியூபில் வரும் என்று தெரிந்தால் நேரில் வருவது குறையாதா? எங்கள் துறையில் 'அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பார்க்கிறார்களா என்றால் அதுவும் இல்லை.

---

வெயில்முற்றம்

நேரில் வரவே முடியாதவர்களை வைத்து யோசித்துப் பாருங்கள், தங்கச்சி. படுக்கையில் இருக்கும் மாமியாரை விட்டுவிட்டு நான் எப்படி வருவேன்? பதிவுதான் எனக்கு அரங்கம்.

---

தாள்கட்டு

1964-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஃபைன்மன் நிகழ்த்திய மெசஞ்சர் சொற்பொழிவுகளை அன்று பி.பி.சி. படம்பிடித்து வைத்ததால்தான் அரை நூற்றாண்டுக்குப் பிறகு நான் அவற்றைக் கேட்டேன். கொலேஜ் து பிரான்ஸ் தன் வகுப்புகளைப் பதிவாகவும் வெளியிடுகிறது, அரங்கையும் திறந்து வைத்திருக்கிறது. இரண்டில் ஒன்றை விட வேண்டிய கட்டாயம் இல்லை.

நேரில் வந்தவருக்கு மட்டும் கிடைப்பது ஒன்று உண்டு, அது உரை முடிந்த பிறகு கிடைப்பது. 1660 நவம்பர் 28 அன்று கிரெஷம் கல்லூரியில் கிறிஸ்டோபர் ரென் வானியல் உரை நிகழ்த்தினார். முடிந்ததும் கேட்டவர்களில் பலர் கலைந்துபோகாமல் உட்கார்ந்து பேசினார்கள். பரிசோதனை வழி அறிவைப் பேச ஒரு கழகம் வேண்டும் என்று பன்னிரண்டு பேர் அங்கேயே முடிவு செய்தார்கள். அதுதான் இங்கிலாந்தின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி. உரை முடிந்த மறு நிமிடம் விளக்கணைத்துக் கதவைப் பூட்டும் அரங்கில் இப்படி எதுவும் நடக்காது. கூடுதலாக முக்கால் மணி நேரத்துக்கு அரங்கை வாடகைப் படிவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், வெளிக்கூடத்தில் நாற்காலி போடுங்கள், பேச்சாளரை உடனே காரில் ஏற்றி அனுப்பாதீர்கள்.

---

இரண்டாம்கேள்வி

கேள்வி நேரம் என்றதும் சொல்லத் தோன்றியது. 2018-ல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. பத்து நாடுகளில் 35 நிறுவனங்களில் நடந்த ஏறக்குறைய 250 கருத்தரங்குகளை உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள். அவையில் பெண்கள் ஏறத்தாழப் பாதி இருந்தும், ஒரு பெண் கேள்வி கேட்பதற்கான வாய்ப்பு ஓர் ஆண் கேட்பதைவிட இரண்டரை மடங்கு குறைவாக இருந்தது. முதல் கேள்வியை ஆண் கேட்டுவிட்டால் இடைவெளி மேலும் கூடியது. கேள்விகளுக்கு அதிக நேரம் விட்டபோது குறைந்தது.

எனக்கு இது நன்றாகத் தெரிந்த நிலைமை. கேள்வி மனதில் இருக்கும், அதைச் சொற்களாக்குவதற்குள் மைக் முன்வரிசைக்குப் போய்விடும். அங்கே ஒருவர் எட்டு நிமிடம் தன் கருத்தைச் சொல்வார், கேள்வி வராது.

மூன்று சின்ன மாற்றங்கள் போதும். உரை முடிந்ததும் இரண்டு நிமிட இடைவெளி, பக்கத்திலிருப்பவரோடு பேசிக்கொள்ளுங்கள் என்று விடுவது. அந்த இரண்டு நிமிடத்தில்தான் கூச்சமுள்ளவர் தன் கேள்வி அபத்தமில்லை என்று உறுதி செய்துகொள்கிறார். அடுத்தது, முதல் கேள்வி மாணவருக்கோ முதல்முறை வந்தவருக்கோ என்று நெறியாளர் ஒதுக்குவது. மூன்றாவது, எழுதிக் கொடுக்கும் சீட்டு. எழுந்து நிற்கத் தயங்குபவரின் கேள்வியும் மேடைக்குப் போய்ச் சேரட்டும்.

---

கடைசிவரிசை

சீட்டு வேண்டும். கட்டாயம் வேண்டும்.

---

பட்டறைவாசி

பயிலரங்குகளைப் பற்றி யாரும் தொடவில்லை. நான் தரவுப் பகுப்பாய்வுப் பயிற்சி நடத்துபவன், எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம்மிடம் பயிலரங்கு என்று நடப்பவற்றில் பாதி, மேசை போட்ட சொற்பொழிவு. இரண்டு நாள் ஆறு பேர் பேசுவார்கள், கடைசியில் சான்றிதழ். பங்கேற்றவர் கையால் ஒன்றையும் செய்து பார்த்திருக்க மாட்டார். பயிலரங்கு முடிந்து வெளியே வருபவரால் காலையில் செய்யத் தெரியாத ஒன்றை மாலையில் செய்ய முடிய வேண்டும். அந்த ஒன்று எது என்று அறிவிப்பிலேயே எழுத முடியவில்லை என்றால் அதைப் பயிலரங்கு என்று அழைக்க வேண்டாம், உரை என்றே சொல்லிவிடலாம்.

1998-ல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி என்ற முயற்சி, ஆய்வாளர்களுக்கு நிரலாக்கம் கற்றுத்தருவது. அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கங்கள் சில. ஒவ்வொருவர் மேசையிலும் இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள்கள் இருக்கும். வேலை முடிந்ததா, மடிக்கணினி மூடியில் ஒரு நிறம். சிக்கிக்கொண்டதா, மற்ற நிறம். கை தூக்கிக்கொண்டே இருக்க வேண்டாம், எல்லோர் முன்னாலும் 'எனக்குப் புரியவில்லை' என்று அறிவிக்கவும் வேண்டாம். உதவியாளர் நிறத்தைப் பார்த்து வருவார். இடைவேளைக்குப் போகும்போது அதே தாள்களில் பிடித்தது ஒன்று, புரியாதது ஒன்று எழுதி ஒட்டிவிட்டுப் போவார்கள். மதிய அமர்வை அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம். பயிற்றுநர் படவில்லை காட்டுவதில்லை; எல்லோர் கண் முன்னாலும் தானே தட்டச்சு செய்து காட்டுவார். அவர் கை தவறும்போது அதை எப்படிச் சரிசெய்கிறார் என்பதையும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

எண்ணிக்கை முக்கியம். ஒரு பயிற்றுநர், மூன்று உதவியாளர் என்றால் இருபத்தைந்து பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். மென்பொருள் நிறுவும் வேலைக்கு முன்தினம் மாலை தனியாக ஒரு மணி நேரம் வையுங்கள், இல்லாவிட்டால் முதல் நாள் முற்பகல் முழுவதும் அதிலேயே போய்விடும். மடிக்கணினி இல்லாதவருக்குத் துறை ஆய்வகக் கணினிகளில் சில ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று அறிவிப்பில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள்.

வெளியாருக்கு இடம் ஒதுக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் வருபவருக்கு முதலிடம் என்று விட்டால் மாணவர் குழுவில் செய்தி பரவிப் பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும். மூன்றில் ஒரு பங்கு இடங்களை வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கென்று தனியாக வைத்து, கடைசி வாரம் வரை திறந்து வைக்க வேண்டும்.

---

மூன்றாம்மணி

பதிவு செய்துவிட்டு வராமல் போகிறார்களே, அதற்கு என்ன வழி?

---

பட்டறைவாசி

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு குறுஞ்செய்தி: 'வருகிறீர்களா, இல்லை என்றால் தெரிவியுங்கள், காத்திருப்பவர் ஒருவருக்கு இடம் கிடைக்கும்.' வேறொருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் பலர் பதில் சொல்கிறார்கள். பொது உரைகளுக்கு முன்பதிவே வேண்டாம் என்பது என் எண்ணம். படிவம் என்று வந்தாலே 'நிறுவனம்', 'பதவி', 'துறை' என்று கட்டங்கள் வரும். கடைசிவரிசை ஐயா அதில் என்ன நிரப்புவார்?

---

திரைச்சீலை

கலை நிகழ்ச்சிகள் பக்கம் வருகிறேன், நாடகக்காரி என்பதால் எனக்கு அதில்தான் உரிமை.

நிரல்காரரே, நீங்கள் எழுதியதில் ஒன்று உறுத்தியது. உரைகள் வாரந்தோறும், பயிலரங்குகள் மாதந்தோறும், கலை மட்டும் பருவத்துக்கு இரண்டு முறை. அதுவும் நடுவிலும் முடிவிலும், விழாவாக. கலையை அறிவுப் பணியாகப் பார்க்காமல் களைப்பாறும் இடமாக வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அரசியலமைப்புச் சட்ட உரைக்கு முந்தைய வாரம் நீதிமன்றக் காட்சி ஒன்றை அரை மணி நேரம் நடித்துக் காட்டச் சொல்லுங்கள், கேட்க வருபவர்கள் கேள்வியோடு வருவார்கள். பேச்சு மொழி உரையோடு கதைசொல்லி ஒருவரை உட்கார வையுங்கள்.

இசை மாலையை வெறும் கச்சேரியாக வைக்காமல் செயல்முறை விளக்கமாகச் செய்யலாம். கலைஞர் ஒரு பகுதியைப் பாடிக் காட்டி, அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லி, மறுபடி பாடினால், இசை தெரியாதவர் இரண்டாம் முறை வேறு காதோடு கேட்பார். நாடகம் முடிந்ததும் ஒப்பனையோடே நடிகர்கள் மேடை ஓரத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசட்டும். முதல் நாள் ஒத்திகையை, விளக்கு சரிபார்ப்பதிலிருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்.

கண்காட்சிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது, பல்கலைக்கழகச் சேகரிப்பை ஊரார் பார்ப்பது அவ்வளவு பழைய வழக்கம். உங்கள் நிலவியல் துறையில் கல் சேகரிப்பு இருக்கும், தாவரவியலில் உலர்தாவரக் கோப்புகள் இருக்கும். ஓவியங்களுக்குப் பக்கத்தில் அவற்றையும் வையுங்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் அதை வரைந்தவரோ சேகரித்தவரோ பக்கத்தில் நிற்க வேண்டும்.

திரைப்படம் போடுவதாக இருந்தால் உரிமையாளரிடம் பொதுத் திரையிடலுக்கான அனுமதியை முன்பே வாங்குங்கள். குறுவட்டு கையில் இருப்பதும் சந்தா இருப்பதும் அனுமதி ஆகாது. நாடகப் பிரதிக்கும் அப்படித்தான், எழுதியவர் உயிரோடு இருந்தால் அவருக்கு ஒரு கடிதம், முடிந்தால் ஓர் அழைப்பு.

---

நிரல்காரர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று குழுக் கூட்டத்தில் இந்த இழையை அச்சிட்டு எடுத்துப்போய் வாசித்தேன். முடிவானவை:

பொது உரைகளுக்கு முன்பதிவு இல்லை. வாசல் காவலர்களுக்கு வாராந்தர நிரல், பெரிய எழுத்தில், நானே கொண்டுபோய்க் கொடுத்துப் பேசுவேன். ஒவ்வொரு அறிவிப்பிலும் முன்னறிவு பற்றிய வரி, வழி, மூன்று நேரங்கள், பிள்ளைகளைக் கூட்டிவரலாம் என்ற குறிப்பு. படத்தோடு எழுத்து வடிவமும், கைப்பேசி நாட்காட்டியில் ஒரே தொடுதலில் சேர்ந்துவிடும் கோப்பும் போகும். இடமோ நேரமோ மாறினால் அதிலும் மாற்றிவிடலாம். கேள்விச் சீட்டு உண்டு. நான்கு உரைகள் சனிக்கிழமை முற்பகலுக்கு மாறுகின்றன. வாய்மொழித் தேர்வுகளின் பட்டியலைத் தர மூன்று துறைகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

கிடைக்காதவையும் சொல்ல வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் இருவரை இரண்டு நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே இப்போதைய நிதியில் அழைக்க முடியும். எந்த இரண்டு என்று சைகைமொழி நண்பரே சொன்னால் நல்லது. மற்றவற்றுக்கு நேரடி எழுத்துரை; கலைச்சொல் பட்டியலை முன்கூட்டியே ஏற்றித் தர ஆய்வு மாணவர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். வாழ்த்துரைகளை முழுவதும் நீக்க ஒப்புதல் கிடைக்கவில்லை, ஆனால் அவை உரைக்குப் பின்னால் போகின்றன.

---

சைகைமொழி

நிலத்தடி நீர் உரைக்கும் நாடகத்துக்கும். நாடகத்துக்கு என்றால் மொழிபெயர்ப்பாளர்கள் ஒத்திகைக்கே வர வேண்டும், மேடையில் எங்கே நிற்பது என்பதை இயக்குநரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். எங்கள் சங்கத்திலிருந்து ஏழெட்டுப் பேராவது வருவோம்.

---

திரைச்சீலை

ஒத்திகைத் தேதிகளைத் தனிச்செய்தியில் அனுப்பச் சொல்கிறேன். விளக்கு அமைப்பவரையும் அந்த ஒத்திகைக்கு வரவழைப்போம்.

---

கடைசிவரிசை

வாழ்த்துரை பின்னால் போனது நல்ல செய்தி. ஒரு விண்ணப்பம், ஐயா: பருவம் முழுவதற்குமான நிரலை ஒரே தாளில் அச்சிட்டு ஊர் நூலகங்களிலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டுங்கள். எங்கள் பக்கம் ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், தாள் மட்டும் எங்கே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள்.

---

நிரல்காரர்

திங்கட்கிழமை அச்சகத்திலிருந்து வருகிறது. பிரதான வாசல் காவலரிடம் உங்கள் பங்கைக் கட்டாகக் கொடுத்து வைக்கிறேன். 'பொது நிகழ்ச்சித் தாள்' என்று கேளுங்கள், அவருக்குத் தெரியும்.